படிக்கட்டில் நின்ற நானூற்றுப் பதினேழு பேர்

பீளமேட்டில், பம்பு கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கிற தேன்மலர் அடுக்ககத்தில், ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பத்தே முக்கால் மணிக்கு, கறி வாங்கப் போனவர்கள் பையோடு திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில், இருபத்துநாலு வீட்டுப் போட்டோக்களிலும் இருந்த மனிதர்கள் அத்தனை பேரும் வெளியே வந்து மாடிப்படியில் நின்றார்கள். தள்ளுமுள்ளு இல்லை, சத்தம் இல்லை. பட்டுச்சேலையில் எடுத்துக்கொண்டவள் பட்டுச்சேலையோடும், மொட்டையடித்துச் சந்தனம் பூசின பிள்ளை சந்தனத்தோடும், ஊட்டியில் குதிரைமேல் உட்கார்ந்து எடுத்துக்கொண்டவர் குதிரை இல்லாமல் காலை மட்டும் அகட்டிக்கொண்டும் வந்து, படிக்கு மூன்று பேராகச் சுவரோரம் ஒதுங்கி, ஏறி இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு நின்றார்கள். எல்லோரும் சிரித்தபடியே இருந்தார்கள், ஏனென்றால் அவர்களை எடுத்ததே அப்படித்தான்.

வாட்ச்மேன் ரங்கராஜு முப்பது வருஷம் மில்லில் டைம் ஆபீசில் இருந்தவர். உள்ளே யார் வந்தாலும் நோட்டில் பதிய வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறொன்றையும் யோசிக்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு கீழ்ப்படியிலிருந்து மொட்டைமாடிக் கதவு வரைக்கும் ஏறி, பெயர் தெரிந்தவர்களுக்குப் பெயரும் தெரியாதவர்களுக்குச் சட்டை நிறமும் எழுதி, சாயங்காலத்துக்குள் நானூற்றுப் பதினேழு பேரைப் பதிந்துவிட்டார். ‘வந்த காரணம்’ என்கிற கட்டத்துக்கு நேராகக் கொஞ்ச நேரம் பேனாவை ஆட்டிக்கொண்டிருந்துவிட்டு, ‘காத்திருத்தல்’ என்று எழுதி, அதற்குக் கீழே நானூற்றுப் பதினாறு தடவை ‘மேற்படி’ போட்டார்.

எதற்குக் காத்திருக்கிறார்கள் என்பது அந்த அடுக்ககத்தில் முதலில் ஒரே ஒருத்தருக்குத்தான் தெரிந்திருந்தது. இரண்டாம் மாடி, ஒன்பதாம் நம்பர் வீட்டுத் தெய்வசிகாமணிக்கு.

தெய்வசிகாமணி பம்பு கம்பெனியில் மோட்டார் சோதிக்கிறவர். ஒவ்வொரு மோட்டாரிலும் தண்ணீர் ஓடவிட்டுப் பார்த்து, சத்தம் கேட்டு, கை வைத்துச் சூடு பார்த்து, அப்புறம்தான் அட்டையில் கையெழுத்துப் போடுவார். இருபத்தாறு வருஷத்தில் சோதிக்காத மோட்டாருக்கு ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை என்று பேர். அந்தப் பேரை நம்பித்தான், எல்லோருடைய போனும் நிரம்பிப்போய் ஒரு போட்டோ எடுக்க நாலு போட்டோவை அழிக்க வேண்டியிருந்த காலத்தில், அசோசியேஷன்காரர்கள் அவரிடம் ஒரு சேமிப்புப் பெட்டியை வாங்கிக் கொடுத்தார்கள். செங்கல் நாலை அடுக்கினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு பெரிய கறுப்புப் பெட்டி, உள்ளே இரண்டு டிஸ்க், பின்னால் ஒரு சின்ன விசிறி. அவர் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்துகொண்டு இருபத்துநாலு வீட்டுக்காரர்களின் கல்யாணம், காதுகுத்து, பழனி, கொடைக்கானல் எல்லாவற்றையும் விழுங்கி வைத்துக்கொண்டது. திறப்பு விழாவுக்குத் தலைவர் பாலதண்டபாணி ரிப்பன் வெட்டி, தெய்வசிகாமணிக்குப் பொன்னாடை போர்த்தினார்.

போட்டோக்களை அடுக்கி வைக்கிற மென்பொருள் அந்தப் பெட்டிக்குள் கன்டெய்னராகக் குடியிருந்தது. கன்டெய்னர் என்றால் வேறொன்றுமில்லை, ஒரு மென்பொருள் தனக்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் தானே கட்டி எடுத்துக்கொண்டு வந்து, எந்த வீடானாலும் எனக்குச் சரி என்று குடியேறுகிற ஏற்பாடு. சொல்வது அப்படித்தான். ஆனால் வீட்டிலிருக்கிற சிப் பழசாகவும், வருகிறவன் புதுசாகவும் இருந்துவிட்டால், சாமானை இறக்கவும் முடியாது, திரும்பிப் போகவும் முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை புதுப் பதிப்பு வந்திருப்பதாகத் திரையில் காட்டியது. உங்கள் சாதனத்தின் சிப்புக்கு இது பொருந்தாமல் போகலாம், எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்து வைத்துவிட்டீர்களா என்று ஒரு கட்டம் கேட்டது. தெய்வசிகாமணி, வாயில் டீயை வைத்துக்கொண்டு, ஆம் என்பதைத் தட்டினார். பழைய குடித்தனம் காலி செய்து போனது, புதுசு உள்ளே வந்து பாதிச் சாமானைப் பிரித்தது, பிரித்த இடத்திலேயே நின்றுவிட்டது. அந்தப் பாதியைப் புதுசாலும் படிக்க முடியவில்லை, பழசாலும் படிக்க முடியவில்லை. இருக்க இடமில்லாமல் போனவர்கள் வேறெங்கே போவார்கள், படிக்குத்தான் வந்தார்கள்.

வேறு பெட்டி வாங்கினாலும் ஆகாது. காப்பி இருந்தால் மட்டுமே வழி, அதைத் திருப்பிப் போட்டால் பத்து நிமிஷ வேலை. காப்பிக்கென்றே ஒரு தனி டிஸ்க் பீரோவில் இருந்தது. ஞாயிறுதோறும் அதைச் செருகி, இரண்டரை மணிநேரம் உட்கார்ந்து காப்பி எடுத்துவிட்டு, கீழே நோட்டீஸ் பலகையில், தண்ணீர்த் தொட்டி கழுவின அட்டைக்குப் பக்கத்தில் தொங்குகிற அட்டையில், தேதிக்கு நேராகக் கையெழுத்துப் போட வேண்டும். சித்திரையில் ஒரு ஞாயிறு மச்சான் மகனுக்கு நிச்சயம், போகாமல் முடியாது. அதற்கடுத்த வாரம் வயர் லூஸ். அதற்கடுத்த வாரம் ஒன்றுமில்லை, சோம்பல்தான். எடுக்காவிட்டாலும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு, மாதம் முதல் தேதியன்று வேலைக்குப் போகிற வழியில் நாலு ஞாயிற்றுக்கும் சேர்த்து ஒரே பேனாவில் நாலு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கம்பெனியில் ஒரு மோட்டாருக்கும் செய்யாததை வீட்டில் இருபத்துநாலு குடும்பத்துக்குச் செய்தார். ஏழு மாதம்.

முதல் நாள் மத்தியானமே பாலதண்டபாணி வந்து கேட்டார். “ஏனுங் சிகாமணி, காப்பி இருக்குதுங்கல்ல?”

“இருக்குதுங்க,” என்றார் தெய்வசிகாமணி. அது பொய்யில்லை. காப்பி இருந்தது. எந்தத் தேதியது என்று அவர் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை. “பெட்டிக் கம்பெனிக்காரன்கிட்ட எழுதிக் கேட்டிருக்கேன். கொஞ்சம் பொறுங்க.”

பொறுப்பதில் அந்த அடுக்ககத்துக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. செல்பி எடுத்துக்கொண்டவர்கள் ஒரு கையை முன்னால் நீட்டியபடியே நின்றதால், இரண்டாம் நாளே அந்தக் கைகளில் குடையும் காய்கறிப் பையும் தொங்க ஆரம்பித்தன. கூட்டிப் பெருக்குகிற மயிலாத்தாள் மாப்பை எடுத்துக்கொண்டு வந்து, காலத் தூக்குங்க கண்ணு என்று சொன்னால் படிக்கு மூன்று பேரும் காலைத் தூக்கிக் கொடுத்தார்கள். ஒரு ஆளுக்கு ஒரு உருவம் என்று கிடையாது, முகம் மாறின வயசுக்கெல்லாம் ஒவ்வொருவர் வந்திருந்தார்கள். பாலதண்டபாணி மட்டும் ஐந்து பேர். முடி இருந்த பாலதண்டபாணியின் முன்னால் முடி இல்லாத பாலதண்டபாணி தினமும் காலையில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் வாக்கிங் போனார். பதினாலாம் நம்பர் வீட்டுப் போட்டோவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணை அந்த வீட்டம்மாவுக்கு யாரென்று தெரியவில்லை, வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, மூன்று நாள் அந்த வீட்டுக்குச் சாப்பாடு ஓட்டலிலிருந்து வந்தது. அசோசியேஷன் கூட்டம் போட்டு, வந்திருப்பவர்கள் தண்ணீர் குடிப்பதில்லையாதலால் லாரித் தண்ணீர்ப் பங்கில் அவர்களைச் சேர்க்க வேண்டியதில்லை என்று தீர்மானம் நிறைவேற்றியது. படியில் நின்றவர்களில் செத்துப்போனவர்களும் இருந்தார்கள், அவர்களுக்குப் பக்கத்தில் மட்டும் வீட்டுக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அன்றன்றைக்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போனில் அவர்களைப் படம் எடுத்துப் பார்த்தால் வெறும் படிதான் விழுந்தது.

தெய்வசிகாமணி வீட்டு வாசலுக்கு நேராக, பொன்னாடை போர்த்திய தெய்வசிகாமணி நின்றிருந்தார். திறப்பு விழா அன்றைக்கு எடுத்தது. ஒரு பொறுப்பை வாங்கிக்கொண்டு, அதைச் சரியாகச் செய்துவிடுவோம் என்கிற மனுஷனுக்கு வருகிற சிரிப்பு அந்த முகத்தில் இருந்தது. கதவைத் திறந்தால் அதுதான் முதலில். நிஜத் தெய்வசிகாமணி செருப்பைப் பார்த்துக்கொண்டே இறங்கப் பழகிவிட்டார்.

இதெல்லாம் கூடப் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது மூன்றாம் படியில் இருந்தது.

கீழ்வீட்டுப் பிரபாவதிக்கு ஆனி மாதம் ஒரு பெண் குழந்தை பிறந்து, நாற்பத்தொரு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. இதயத்தில் ஓட்டை என்றார்கள். பேர்கூட வைக்கவில்லை, பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பத்தொரு நாளில் அவள் போனில் அறுபத்துமூன்று போட்டோ எடுத்திருந்தாள். குழந்தை போன பிறகு அவள் புருஷன் யோகநாதன் அந்தப் போனை எடுப்பான், பார்ப்பான், அப்புறம் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடமாட்டான். ஆவணியில் ஒரு நாள் பிரபா படியேறி வந்து தெய்வசிகாமணியிடம் கேட்டாள். “அண்ணா, இதைப் பெட்டியில போட்டுட்டு போன்ல அழிச்சுரலாங்களா? அவர் கண்ணுல படாம இருந்தா தேவலைங்க. எனக்கு வேணும்கறப்ப வந்து பாத்துக்குவேன்.”

“தாராளமா அழிக்கலாம். ரெண்டு எடத்துல இருக்கும், நான் பொறுப்பு,” என்று சொல்லி, அவரே போனை வாங்கி, போட்டோக்களைப் பெட்டிக்கு அனுப்பி, அவரே அழித்து, போனுக்குள் இருக்கிற குப்பைக்கூடையையும் காலி செய்துகொடுத்தார். அவருடைய வலது கை ஆள்காட்டி விரல்தான் அதைச் செய்தது. ஐப்பசியில் அந்த விரலை அவர் அடிக்கடி பார்த்தார்.

பாப்பா மூன்றாம் படியில் மஞ்சள் துண்டில் சுற்றிக் கிடந்தாள். ஒரே ஒருத்தியாகத்தான் வந்திருந்தாள், முகம் மாற அவளுக்கு நேரம் இருக்கவில்லை. ரங்கராஜுதான் முதலில் பார்த்து, நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தூக்கினார். கனமே இல்லை, ஆனால் ரொம்ப நேரம் பேசின போன் மாதிரி மெல்லிய சூடு இருந்தது என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். பிரபா ஓடி வந்து வாங்கினாள். அழவில்லை. துண்டை விலக்கிக் கால் விரல்களை எண்ணினாள், அப்புறம் காதுக்குப் பின்னால் மோந்து பார்த்துவிட்டு, மருந்து வாசம் இல்லீங்க, என்று சொன்னாள். யோகநாதன் மட்டும் பக்கத்தில் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குப் போனான், தலையைக் குனிந்துகொண்டு வந்தான்.

வீட்டுக்கு ஒருத்தி வந்து பாப்பாவைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிரபா யாருக்கும் இல்லையென்று சொல்லவில்லை. பெட்டி சரியானதும் பாப்பா பத்திரமாக உள்ளே போய்விடுவாள், அப்புறம் தினமும் பார்க்கலாம் என்கிற நிம்மதியில் அவளுக்குக் கை தாராளமாக இருந்தது.

வியாழக்கிழமை காலையில் பாப்பாவோடு ஒன்பதாம் நம்பர் வாசலில் வந்து நின்றாள். அவள் பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷன் பார்க்கிறவள். தெய்வசிகாமணி வாசல்படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

“கோகிலாக்கா, இன்னைக்கும் நாளைக்கும் பாப்பாவைப் பாத்துக்கறீங்களா? டாக்டர் கூப்பிட்டுட்டே இருக்கறாருங்க, லீவு சொல்ல முடியலை. எப்படியும் அண்ணன் உள்ள திருப்பி வெச்சுருவாரு, அப்பறம் எப்ப வேணா பாத்துக்கலாமே.”

“அதுக்கென்ன சாமி, குடு,” என்று அவர் மனைவி கோகிலவாணி வாங்கிக்கொண்டாள்.

தெய்வசிகாமணி ஷூ கயிற்றைக் கட்டினார். கட்டினதை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். சொல்லியிருக்கலாம். வாய் இருந்தது, நேரம் இருந்தது, ஆள் எதிரிலேயே நின்றாள். அவள் படியிறங்கிப் போகிற சத்தம் தேய்ந்து முடிகிற வரைக்கும் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து கம்பெனிக்குப் போய், அன்றைக்கு முப்பத்தெட்டு மோட்டார் சோதித்தார்.

வந்தவர்களுக்கு வெள்ளிக்கிழமையிலிருந்து நிறம் இறங்க ஆரம்பித்தது. முதலில் சேலைக்கரை, அப்புறம் உதட்டுச் சிவப்பு, அப்புறம் முடி. குடையைத் தொங்கவிட்டால் கை தாங்காமல் குடை கீழே விழுந்தது. செத்துப்போனவர்களின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை பேச்சை நிறுத்திவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில், அதாவது ஒன்பதாம் நாள், பாலதண்டபாணி வந்து, “கம்பெனிக்காரனும் வேண்டாம் கழுதையும் வேண்டாம், இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள காப்பியைப் போட்டு இவங்களை உள்ள அனுப்பிருங்க. எங்கம்மா முகம் பாதி போயிருச்சு சிகாமணி,” என்று சொன்னார்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு மூன்று மணிக்கு வந்தார் தெய்வசிகாமணி. முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் படி திரும்புகிற இடத்தில், ஜன்னல் வெயில் விழுகிற பக்கமாக, பிரபா பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள்தான் முதலில் பேசினாள்.

“அண்ணா, சீக்கிரம் உள்ள வெச்சுருங்கண்ணா. கையிலயே வெச்சுக்கோணும்னு ஆசைதான், ஆனா புருவம் போயிருச்சு பாருங்க. உள்ள போனா மறுபடி நல்லா இருப்பாள்ல?”

தெய்வசிகாமணி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “பிரபா, காப்பி சித்திரையில எடுத்ததும்மா. அதுக்கப்பறம் நான் எடுக்கலை.”

“போர்டுல வாராவாரம் கையெழுத்து இருக்குதுங்களே.”

“கையெழுத்து மட்டும்தான் போட்டேன்.”

அவள் மனசுக்குள் மாதத்தை எண்ணுவது தெரிந்தது. சித்திரை, வைகாசி, ஆனி. அவர் அவள் எண்ணி முடிக்கிற வரைக்கும் நின்றார். ஏழு மாதம் பொய்க் கையெழுத்துப் போட்டவன் என்று அவள் கத்துவாள், அறுபத்துமூன்று படத்தையும் அழித்த கை இதுதானே என்பாள், புருஷனைக் கூப்பிடுவாள், எல்லாவற்றையும் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வது என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தார்.

“எப்பத் தெரியுங்க உங்களுக்கு?” என்றாள்.

“மொத நாளே.”

அவள் பாப்பாவைப் பார்த்தாள். யாரிடமோ விவரம் சொல்கிற மாதிரி, “நான் ரெண்டு நாள் வேலைக்குப் போனேன்,” என்றாள். துண்டைச் சரிசெய்துகொண்டே, “சனிக்கிழமை துணி துவைச்சேன். நேத்து எங்க பெரியம்மா வந்தாங்க, அவங்களுக்குச் சமைச்சேன். பாப்பாவை ஆராரோ தூக்கிட்டுப் போனாங்க, நான் கேக்கவே இல்ல,” என்றாள்.

இதற்குத் தலையைக் குனிவதென்று தெய்வசிகாமணி முடிவு செய்து வைத்திருக்கவில்லை. எடுக்காத காப்பிக்கு ஏதாவது சொல்லலாம், சோம்பல் என்று சொல்லலாம், வயர் என்று சொல்லலாம். வாயை மூடிக்கொண்டிருந்த ஒன்பது நாளுக்கு என்ன சொல்வது? பாப்பா ஒரு தடவை போனது ஓட்டையால். இந்த ஒன்பது நாள் போனது அவர் ஒருத்தரால். மேல்படியில் கோகிலவாணி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் ஒன்றும் திட்டவில்லை. இடுப்பிலிருந்த போனை எடுத்து யோகநாதனுக்குப் போட்டு, “தம்பி, இருக்கற வேலையை அப்படியே போட்டுட்டு வந்துரு சாமி,” என்றாள்.

மற்றவர்களுக்கு இனி நேரமில்லை என்பதால் தெய்வசிகாமணி மேலே போனார். புது மென்பொருளை விலக்கினார், பழசை அந்தச் சிப்புக்குப் பொருந்துகிறபடி திரும்பக் குடிவைத்தார், பீரோவிலிருந்த டிஸ்க்கைச் செருகி சித்திரை மாதத்தைத் திருப்பிப் போட்டார். பத்தே நிமிஷம்தான் ஆனது. அந்தப் பத்து நிமிஷத்தை முதல் நாளே செய்திருக்கலாம், செய்திருந்தால் பாப்பா உள்ளே போகாமல் படியிலேயே கிடப்பது எல்லோர் கண்ணுக்கும் பட்டிருக்கும், அதற்காகத்தான் செய்யவில்லை என்று அவருக்கே இப்போதுதான் முழுசாகப் புரிந்தது. வெளியே பட்டுச்சேலைகள் உரசுகிற சத்தம் கேட்டது. சிரித்த முகத்தோடு வந்தவர்கள் சிரித்த முகத்தோடு, வந்த வரிசை மாறாமல், ஒவ்வொரு படியாகக் காலியாகிப் போனார்கள். பொன்னாடை போர்த்தியவரும் போனார். சித்திரைக்குப் பிறகு எடுத்துக்கொண்டவர்கள் முப்பது நாற்பது பேர் நின்றார்கள், அவர்களில் உயிரோடு இருப்பவர்கள்தான் அதிகம், அவர்களை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். கீழே யாரோ போன் வழியாகப் பெட்டியைத் திறந்து பார்த்து, எங்கம்மா வந்துட்டாங்க, முழு முகமும் வந்துருச்சு என்று சொல்வது கேட்டது.

அவர் இறங்கி வந்தார். யோகநாதன் வந்திருந்தான். ஒன்பது நாளாகத் தலை தூக்காதவன், படியில் ஒரு தட்டுக் கீழே உட்கார்ந்து, பிரபாவின் முழங்காலில் கன்னத்தை வைத்துக்கொண்டு குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தான். பாப்பாவின் நெற்றி வழியாக மஞ்சள் துண்டு தெரிய ஆரம்பித்திருந்தது. வாய் மட்டும் இன்னும் சிவப்பாக, எதையோ சப்புகிற மாதிரிக் குவிந்திருந்தது.

“இன்னும் எத்தனை நேரம்?” என்று பிரபா நிமிராமல் கேட்டாள்.

அளந்து பார்க்காமல் எதையும் சொல்லிப் பழகாத மனுஷன், இந்தத் தடவை நிஜமாகவே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, “இருட்டற வரைக்கும் இருக்கும்மா,” என்றார். அப்புறமும் போகாமல் நின்றார். ஏதாவது ஒரு வேலை கொடுத்தால் தேவலை என்று இருந்தது. தண்ணீர் கொண்டுவரச் சொன்னாலும் போதும், மூஞ்சியில் துப்பினாலும் போதும். “நான் என்னம்மா செய்யட்டும்?” என்று கேட்டார்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்,” என்றாள் பிரபா. “வெளிச்சத்தை மறைக்கறீங்க.”

அவர் ஒரு படி இறங்கினார். நிழல் இன்னும் குழந்தையின் கால்மேல் கிடந்தது. இன்னொரு படி இறங்கினார்.